வலென்சியாவில் ஒரு பூக்குழி

யாங்கூனில் போட்டாதாங் படித்துறைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. கப்பலுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளும் கப்பலிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளும் அங்கே வந்து என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். ஆனால் நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் வரும். போன மாதம் அவர்களில் ஒருவன் ஸ்பெயின் பக்கம் போய்விட்டு வந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வலென்சியா எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கிரேன் பாத்தேன், ஊலே. வேற ஒண்ணும் பாக்கல. காலையில கப்பலக் கட்டுனோம், பொழுது சாய அவுத்துட்டோம்" என்றான்.

ஊலே என்றால் பர்மியத்தில் மாமா. அந்த மரியாதையோடுதான் சொன்னான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் அல்ல. பெட்டி பெட்டியாகச் சரக்கை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற இந்தக் காலத்துக் கப்பல்கள் மேல்தான். வலென்சியாவுக்குப் போய் கிரேனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருவன் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு தேநீர் குடிக்க என்னால் முடியவில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

நான் போசனாக ஓய்வு பெற்றவன். கப்பலின் மேல்தள ஆட்களுக்குத் தலைவனைப் போசன் என்போம். என் பெயர் ரெங்கசாமி, பர்மியப் பெயர் டின் மௌங். இரண்டையும் மறந்துவிட்டு என் மனைவி வள்ளிகூட இப்போது போசன் என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா இதே படித்துறையில் மூட்டை இறக்கியவர். நான் மூட்டையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். தளம் கழுவி, துரு சுரண்டி, வண்ணம் அடித்து, திட்டு வாங்கி, ஒருவழியாகப் போசன் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லாக் கப்பல்காரனுக்கும் அதே கதைதான்.

வலென்சியாவுக்கு நான் போனது சாமான் ஏற்ற. தரையில் பதிக்கும் ஓடுகளும் ஆரஞ்சும்தான் சரக்கு. ஏற்றி முடிக்க நாலைந்து நாள் ஆகும், மழை பெய்தால் இன்னும் கூடும். அந்தப் பாதையில் வருடக்கணக்காக ஓடியதில், பங்குனி பிறக்கும் நேரத்தில் பல முறை அந்த ஊரில் இருக்க வாய்த்தது. அப்போதுதான் அங்கே திருவிழா. ஃபாயாஸ் என்பார்கள். தெருவுக்குத் தெரு, மூன்று மாடி உயரத்துக்குப் பொம்மைகள் செய்து நிறுத்துவார்கள். மந்திரி, பணக்காரன், கால்பந்துக்காரன் என்று யாரையும் விடமாட்டார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பொம்மை செய்தால் செய்தவன் வீடு திரும்ப மாட்டான்.

மதியம் இரண்டு மணிக்குத் துறைமுகப் பக்கத்துச் சதுக்கத்தில் வெடி. வெளிச்சமே கிடையாது, வெறும் சத்தம்தான். நெஞ்செலும்பு அதிரும். முதல் முறை கேட்டபோது எங்கள் சமையல்காரர் கோ மியோ ஒரு கடைக்குள் ஓடி மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெடிச்சத்தம் என்றால் முதலில் ஓடத்தான் தோன்றும். வெடித்து முடிந்ததும் சனங்கள் கச்சேரி கேட்டதுபோலக் கைதட்டினார்கள். கோ மியோவும் மேசைக்கு அடியிலிருந்தே கைதட்டினார்.

அவர் புகுந்த கடை அம்பாரோ என்ற பெண்ணுடையது. துறைமுகத்தை ஒட்டிய மீனவர் பேட்டையில் சின்னக் கடை. கப்பல்காரர்களுக்குத் தொலைபேசி அட்டை விற்பாள். பூசணிக்காயை மாவில் பிசைந்து போண்டா மாதிரி பொரித்துத் தருவாள். கூடவே ஒர்ச்சாட்டா என்று ஒரு பானம். கோரைக்கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து எடுத்த பால்தான் அது, வேறொன்றும் இல்லை. வெள்ளை வெளேரென்று, சில்லென்று, கொஞ்சம் இனிப்பு தூக்கலாக இருக்கும். என் வயதுதான் அவளுக்கும். என்னிடம் இருந்த ஸ்பானியச் சொற்களும் அவளிடம் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்தாலும் ஒரு கைப்பிடி தேறாது. அதை வைத்துக்கொண்டே ஒவ்வொரு வருடமும் மணிக்கணக்கில் பேசினோம்.

அவள்தான் முதன்முதலில் என்னை அந்த ஊர் மாதாவிடம் அழைத்துப் போனாள். கோயிலுக்கு முன்னால் மரச்சட்டத்தில் ஒரு பெரிய பெண்ணுருவம். முகமும் குழந்தையும் மட்டும் செய்து வைத்திருப்பார்கள். உடம்பு வெறும் சட்டம். பெண்கள் பட்டுப் பாவாடை கட்டி, தலையில் சீப்பு செருகி, மேளத்தோடு வரிசையாக வந்து ஆளுக்கொரு பூச்செண்டு கொடுப்பார்கள். ஆண்கள் சட்டத்தில் ஏறி நின்று ஒவ்வொரு செண்டாகப் பிடித்துச் செருகுவார்கள். பொழுது போகப்போகப் பூவாலேயே அம்மாவுக்குப் புடவை ஏறும். நான் நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை துறைமுகம் போனாலும், என் ஊர் மாதிரி இருந்தது அந்த ஊர் ஒன்றுதான்.

ஒரே குறை, கடைசி நாளை மட்டும் நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அத்தனை பொம்மைகளையும் கொளுத்துவார்களாம். அதற்குள் எப்போதும் கப்பல் கிளம்பிவிடும்.

இனி அந்த ஒரு வருடத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் நான் கடலில் இருக்கும்போது வள்ளிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கையில் அடங்குகிற அளவாம். யாங்கூன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கப்பல் தொலைபேசியில் அண்ணன் சொன்னார்: "தம்பி, மனசத் தேத்திக்க. டாக்டர் ஒண்ணும் உறுதியா சொல்ல மாட்டேங்குறார்."

அன்றைக்கே வேண்டிக்கொண்டேன். யாங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள தன்லியின் ஊருக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் பங்குனியில் தீமிதி நடக்கும். இந்த வருடம் பூக்குழி இறங்குகிறேன் தாயே, பிள்ளையைக் கொடுத்துவிடு என்றேன். பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கும் வந்தது. ஆனால் என்னை இறக்கிவிட்டு என் வேலையை ஏற்க மாற்றாள் வரவில்லை. மாசி முடிந்தும் நான் நடுக்கடலில். தொலைபேசியில் வள்ளி அழுதாள்.

"என்னங்க, பிள்ளைக்கு மறுபடி இருமல். பாலைக் கக்குது. வேண்டுதல வெச்சுட்டு இப்படித் தள்ளிப்போடலாமா? எனக்குப் பயமா இருக்கு."

அண்ணன் என் பேரில் இறங்கத் தயாராக இருந்தார். வேண்டியவன் காலுக்குப் பதில் இன்னொருவன் கால் செல்லாது என்று பூசாரி சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பயமும் அதனால்தான் அதிகமாயிற்று. வேண்டிக்கொண்டது நான், இறங்க வழியில்லாமல் நிற்பதும் நான், இருமுவது பிள்ளை.

ஊரில் காப்புக் கட்டும் அன்று நானும் கப்பலில் காப்புக் கட்டிக்கொண்டேன். கோ மியோவிடம் மஞ்சள்தூள் வாங்கி, பாய்மரத் துணி தைக்கிற நூலில் தடவி, மணிக்கட்டில் நானே முடிந்தேன். அதற்குப் பிறகு கறி மீன் கூடாது. அது பிரச்சினை இல்லை, கோ மியோ எனக்குத் தனியாகப் பருப்பும் கீரையும் வைத்தார். தோல் செருப்பு கூடாது. அங்கேதான் சிக்கல். தளத்தில் இரும்பு மூக்கு வைத்த தோல் பூட்ஸ் போடாமல் யாரும் நடக்க முடியாது. நான் வெறுங்காலோடு முன்தளத்துக்குப் போனேன். எதிரே சீஃப் நின்றார்.

எங்கள் சீஃப் ஆபீசர் உ சோ தெய்ன், கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் திட்டு கேட்கும். கப்பலைக் கட்டும்போது நானும் அவரும் முன்தளத்தில்தான் நிற்போம். முதலில் மெல்லிய எறிகயிற்றைக் கரைக்கு வீச வேண்டும். அதைப் பிடித்துக் கரையாட்கள் இழுக்க, அதன் வாலில் தொடைப் பருமன் கயிறு போகும். கயிறு இறுகும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்து திரும்பினால் காலை எடுத்துவிடும். யார் எங்கே கால் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் சீஃபின் கண் எப்போதும் இருக்கும். அப்படிப்பட்டவர் முன்னால் நான் வெறுங்காலோடு.

"போசன், கால்ல என்ன?" என்றார் பர்மியத்தில்.

சொன்னேன். பிள்ளை, வேண்டுதல், காப்பு, தோல் எல்லாவற்றையும் சொன்னேன். நேராகச் சாமான் அறைக்குப் போனார். முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியோடு வந்தார். மூக்கில் இரும்பு வைத்தது.

"இதுல தோல் இல்ல. இரும்பு இருக்கு. உன் சாமிக்கும் சரி, எனக்கும் சரி. போட்டுக்க."

புத்தரைக் கும்பிடுகிறவர். என் சாமிக்கு என்ன ஆகாது என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, தன் சட்டத்திலும் ஓர் அங்குலம் விடாமல் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதர் மேல் எனக்கு உயிர்.

வலென்சியாவில் அந்த முறை மழை பிடித்துக்கொண்டது. ஆரஞ்சு ஏற்றுவது தள்ளிப்போனது. திருவிழாவின் கடைசி நாள் கப்பல் அங்கேயே இருக்கும், மறுநாள் காலையில்தான் கிளம்பும் என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொம்மைகளைக் கொளுத்துவார்கள், தணல் கிடக்கும். அம்மா இருக்கிறாள், பூ இருக்கிறது, தீ இருக்கிறது. மிதிக்காமலா இருப்பார்கள்? யாரையும் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு அம்மனே குழி வெட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சீஃப் அனுமதி கொடுத்தார். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்ததை நினைவு வைத்துக்கொண்டு, "கப்பல்தானே உன் ஊரு? இறங்கலாமா?" என்று கேட்டார்.

"இதுவும் அம்மா ஊருதான், ஸயா" என்றேன். ஸயா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், ஐயா மாதிரி. அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. வாய் கொஞ்சம் கோணியது.

இருட்டியதும் அம்பாரோவின் பேட்டையில் முதலில் சிறுவர்களுக்கான பொம்மையைக் கொளுத்தினார்கள். பெரிய பொம்மைக்கு இன்னும் நேரம் இருந்தது. சின்னப் பொம்மை என்றாலும் நம் தேர் உயரம். ஒரு வருடம் உழைத்துச் செய்ததை ஒரு பெண்பிள்ளை கையாலேயே பற்றவைக்கச் சொன்னார்கள். தீ ஏற ஏற, அதைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்பாரோவும் அழுதாள். வருடா வருடம் அழுவார்களாம். அழுவதற்கென்றே செய்வதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்களில் தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தீ அடங்கித் தணல் பரவியது. மேளம் அடித்தார்கள். நான் காத்திருந்தேன். யார் முதலில் இறங்குவார்கள்? யாரும் நகரவில்லை. சரி, முதல் மரியாதையை வெளியூர்க்காரனுக்கு விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றினேன். கோ மியோ "ஏய், போசன், என்ன பண்ற?" என்று சட்டையைப் பிடித்தார். சட்டைப் பொத்தான்தான் அவர் கையில் மிஞ்சியது. "தாயே!" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

நம் ஊரில் குழியை முறைப்படி வெட்டி, நல்ல விறகாகப் பார்த்து எரித்து, வாரியால் இழுத்துச் சமப்படுத்தி வைப்பார்கள். இங்கே கிடந்தது பலகையும் அட்டையும் வண்ணமும் ஆணியும். அது என் மண்டையில் ஏறவே இல்லை. நாலைந்து எட்டு வைத்தேன். சுட்டது. ஒரு ஆணி உள்ளங்காலில் ஏறியது. மறுகரையில் கால் வைத்த அதே நொடி தண்ணீர் வந்து முதுகில் அறைந்தது. குப்புற விழுந்தேன். இரண்டு தீயணைப்புக்காரர்கள் என்னைத் தூக்கிப்போய் நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மேளம் நின்றுபோனது.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். குடித்திருக்கிறானா என்று முகர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் பிடித்துப்போய் உட்காரவைத்தால் காலையில் கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். கப்பலைத் தவறவிட்ட போசனுக்கு அடுத்த கப்பல் கிடையாது. வள்ளிக்கும் பிள்ளைக்கும் யார் சோறு போடுவது? காலைவிட அது சுட்டது.

கோ மியோ போலீஸ்காரர்களிடம் பர்மியத்தில் கத்திக்கொண்டிருந்தார். அம்பாரோ அவரைத் தன் பக்கம் திருப்பி, ஏன் இப்படிச் செய்தான் என்று கையால் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் சேர்த்துத் தாலாட்டிக் காட்டினார். எவ்வளவு சின்னது என்று உள்ளங்கையைக் காட்டினார். மூச்சுத் திணறிக் காட்டினார். வானத்தைக் காட்டிக் கும்பிட்டார். பிறகு தணலையும் என் காலையும் காட்டினார். அம்பாரோ வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்குள் ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பெரிய ஜாடி நிறைய ஒர்ச்சாட்டா. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, என் இரண்டு கால்களிலும் ஊற்றினாள். எரிச்சலுக்குக் கையில் கிடைத்த குளிர்ந்த பொருள் அதுதான், அவ்வளவே.

நம் கோயிலில் பூக்குழி தாண்டினால் அடுத்தது பால்குழி. தீயில் நடந்த கால் பாலில் நனைந்தால்தான் வேண்டுதல் முடிந்தது என்று அர்த்தம். அதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சாம்பல் அப்பிய என் காலில் வெள்ளையாக வழிந்து ஓடியதைப் பார்த்து நான் குழந்தைபோல அழுதேன். வலிக்கிறது என்று நினைத்து அவள் இன்னும் ஊற்றினாள். பிறகு போலீஸ்காரர்களிடம் எழுந்து நின்று ஏதோ சொன்னாள். சத்தமாகவும் சொன்னாள். இவன் எங்கள் தெருக்காரன் என்று சொன்னதாகக் கோ மியோ இன்றைக்கும் சாதிக்கிறார், அவருக்கு ஸ்பானியம் தெரியாது. தீயணைப்பு வண்டியில் வந்த ஒரு பெண் கட்டுப் போட்டு ஊசியும் குத்திவிட்டாள். அதே போலீஸ்காரர்கள் எங்களைத் தங்கள் காரில் துறைமுக வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

கப்பல் ஏணியின் உச்சியில் சீஃப் நின்றார். நான் நொண்டி நொண்டி ஏறுவதை முழுவதும் பார்த்தார். மருந்து அறைக்குக் கூட்டிப்போய், கட்டை அவிழ்த்து, காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்து, மறுபடி தன் கையால் கட்டினார்.

"முடிஞ்சுதா?" என்றார். குரல் அடிமட்டத்தில் இருந்தது.

"முடிஞ்சுது, ஸயா."

கத்தரிக்கோலை எடுத்து என் மணிக்கட்டில் இருந்த காப்பை வெட்டினார். அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுபோய், ஜன்னல் வழியே தண்ணீரில் விட்டார். காப்பு எங்கே போக வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்து, "இந்தக் கப்பல்ல இருக்கிறவரைக்கும் இனிமே நீ இந்த ஊர்ல இறங்கக் கூடாது" என்றார்.

மறுநாள் காலையில் கயிறு அவிழ்க்கும்போது என்னை ஒரு பெட்டிமேல் உட்காரவைத்து, வாயால் மட்டும் வேலை செய்யச் சொன்னார். என் இடத்தில் நின்று ஈரக் கயிற்றைத் தன் கையால் இழுத்துச் சுற்றியவர் சீஃப் உ சோ தெய்ன். ஒரு சீஃப் ஆபீசர் கயிறு சுற்றி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. துறைமுகம் தாண்டியதும் வீட்டுக்குப் பேசினேன். இருமல் நின்றிருந்தது. டாக்டர் மருந்து மாற்றினார் என்று அண்ணன் சொன்னார். யாரால் நின்றது என்று நான் வழக்காடத் தயாரில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கப்பல் அந்தப் பாதையில் ஓடவில்லை. அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல், எதுவும் வலென்சியா பக்கம் போகவில்லை. பிள்ளை என்ன ஆயிற்று என்று அம்பாரோவிடம் சொல்ல எனக்கு வழி கிடைக்கவே இல்லை. அது நெஞ்சில் ஆணியாகவே இருந்தது.

அந்தப் பிள்ளை, என் மகள் மீ மீ, இன்று சிங்கப்பூரில் நர்ஸ். போன பங்குனியில் அவள்தான் என்னை அழைத்துப்போனாள். விசாவுக்கு அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். கிளம்பும் முன் தன்லியினில் சீஃபைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளப் போனேன். இப்போது அவருக்கு நடக்கவே சிரமம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மீ மீயைத் தனியாகத் தொலைபேசியில் பிடித்து, "உன் அப்பன் ஷூவைக் கழட்டாம பாத்துக்க" என்று உத்தரவு போட்டிருக்கிறார்.

ஆகையால் அந்த மீனவர் பேட்டையில், சின்னப் பொம்மை எரிந்து அடங்கும்வரை, என் மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டே நின்றாள். அம்பாரோவின் கடை இருந்த இடத்தில் வேறு கடை இருந்தது. அவளை எங்கும் காணவில்லை. இருக்கிறாளோ இல்லையோ என்று எனக்குக் கால் ஓயவில்லை. தணல் பரவி, மேளம் அடித்து, எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு கிழவி கையில் கண்ணாடிக் கோப்பையோடு தணல் ஓரத்துக்கு நடந்து வந்தாள். கோப்பையில் வெள்ளையாக ஒர்ச்சாட்டா. தணலில் ஊற்றக் குனிந்தாள்.

"அம்பாரோ!" என்றேன்.

நிமிர்ந்தவள் முதலில் என் காலைத்தான் பார்த்தாள். ஷூ இருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினாள், கோ மியோ அன்று காட்டிய அதே அளவு. பிள்ளை?

நான் மீ மீயை முன்னால் இழுத்து நிறுத்தினேன். என்னைவிட ஒரு சாண் உயரம் அவள். அம்பாரோ கோப்பையைப் பிடித்த கையாலேயே அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பாட்டி இப்படி ஊற்றுகிறாள், பர்மாக்காரன் பிள்ளைக்கு என்று, ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் அவள் ஊற்றாமல் நாங்கள் பெரிய பொம்மைக்குப் போவதில்லை என்றான்.

அம்பாரோ கோப்பையை மீ மீயிடம் கொடுத்தாள். மகள் தமிழில் என்னைக் கேட்டாள், "என்னப்பா செய்யணும்?"

"ஊத்தும்மா" என்றேன்.

பாதியைத் தணலில் ஊற்றினாள். ஆவி எழுந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன், இனிமே இவங்க சிரமப்பட வேணாம்னு சொல்லுங்கப்பா" என்றாள். எனக்கிருந்த ஸ்பானியத்தில் சொன்னேன். அம்பாரோ தலையைப் பலமாக ஆட்டி மறுத்தாள். நன்றாக இருக்கிறாளே, அப்புறம் ஏன் நிறுத்த வேண்டும் என்றாள்.

மீதியை மீ மீ குடித்துவிட்டு, இனிப்பு ஜாஸ்தி என்றாள். நான் அழுதேன். எல்லோரும் அழுகிற இடம் என்பதால், ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.